ஒன்பதாம் எண்

இடைநிலைப்பள்ளி நண்பர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும் ஒரு புலனக் குழுவில் நானும் இருக்கிறேன். பிறந்தநாள் வாழ்த்து, வேலை காலி அறிவிப்பு, யாருக்காவது ரத்தம் தேவை, தைப்பூசத்துக்கு யார் யார் பத்துமலை வருகிறீர்கள் என்பதுபோக மீதி எல்லாம் அரட்டைதான். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, லாரி ஓட்டும் நண்பன் ஒருவன் அதில் குரல்பதிவு போட்டான். வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தான். முகவரிடம் தொலைபேசியில் எல்லாம் பேசி, முன்பணம் எவ்வளவு என்பதுவரை வந்துவிட்டது. கடைசியில் முகவர் பெயரைக் கேட்டிருக்கிறார். சொன்னதும் குரல் மாறிவிட்டதாம். “சாரி பாஸ், ஓனர் இந்தியன் வேணாங்கிறாரு. எனக்கு ஒண்ணும் இல்ல, ஓனர்தான்.”

குழு கொதித்தது. ஆளுக்கொரு கதை வெளியே வந்தது. விளம்பரத்திலேயே ‘சீனர் மட்டும்’ என்று போட்டிருந்த அறை, நேர்முகத் தேர்வில் ‘மண்டரின் தெரியுமா’ என்று கேட்டு அனுப்பிய கம்பெனி, பள்ளியில் ‘கெலிங்’ என்று கூப்பிட்ட வாத்தியார். வழக்கறிஞராக இருக்கும் தோழி ஒருத்தி, அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவம் பேசினாலும் அது அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி வீட்டுக்காரரை அல்ல என்று பொறுமையாக விளக்கினாள். நள்ளிரவு தாண்டியும் யாரும் தூங்கவில்லை. எனக்கு அன்று அந்தக் குழுவின்மேல் பாசம் பொங்கியது.

வெள்ளிக்கிழமை அதே நண்பன் ஒரு காணொளியைப் போட்டான். தமிழ்நாட்டில் ஏதோ ரயிலில் எடுத்தது. ஒரு திருநங்கை கைதட்டிக் காசு கேட்கிறார். யாரோ அதை மெதுவாக ஓடவிட்டு, நகைச்சுவைக் காட்சி இசையைச் சேர்த்திருந்தார்கள். கீழே அவன் எழுதியிருந்தது: ‘மணி ஒம்போது ஆச்சு.’ வரிசையாகச் சிரிக்கும் ஸ்டிக்கர்கள். செவ்வாய்க்கிழமை அழுதவர்கள்தான் எல்லாரும். நான் ஸ்டிக்கர் போடவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஒன்பது என்ற எண்ணைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் 9ஆம் எண் யாருக்கு வந்ததோ அவன் அந்த ஆண்டு முழுக்கச் செத்தான். பதிவெடுக்கும்போது ‘ஒன்பது’ என்று ஆசிரியர் சொன்னதும் பின்வரிசையில் இருமல் கிளம்பும். (இத்தனைக்கும் காற்பந்துத் திடலில் 9ஆம் எண் சட்டைக்கு அதே பின்வரிசைதான் அடித்துக்கொள்ளும்.) அந்தப் பையன் இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். குழுவில் இன்னும் அவன் பெயர் ‘நைன்’. அவனும் சிரிக்கிறான். அந்தச் சொல் குத்துவதற்கு எதிரே உண்மையான திருநங்கை இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை.

வள்ளுவர் இன்னா செய்யாமை அதிகாரத்தில் ஒரு கேள்வி கேட்கிறார். தனக்கு எது வலிக்கும் என்று தெரிந்த ஒருவன், அதையே இன்னொரு உயிருக்குச் செய்வது எப்படி? பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது பதில் தெரிந்த கேள்வி என்றுதான் நினைத்தேன். ஆசிரியரும் ‘ஆகவே செய்யக்கூடாது’ என்று முடித்துவிட்டார். இப்போது அது உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்ட கேள்வியாகத் தோன்றுகிறது. அடிபட்டவனுக்கு அடியின் வலி தெரியும், அதனால் அடிக்கமாட்டான் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஏன் அது நடப்பதில்லை?

எனக்குத் தோன்றும் பதில் இது. நமக்கு வலித்த இடம் ஞாபகம் இருக்கிறது. கை எப்படி ஓங்கியது என்பது ஞாபகம் இல்லை. லாரி நண்பனைக் கேட்டால், அவனுக்கு நடந்தது ‘இந்தியனுக்கு நடந்தது’. அதன் பெயர் இனவாதம், அது சீனரும் மலாய்க்காரரும் செய்வது, நாம் வாங்குவது. அந்த முகவர் பயன்படுத்திய வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை. ‘எனக்கு ஒண்ணும் இல்ல, ஓனர்தான்.’ வெள்ளிக்கிழமை பற்றிப் பின்னால் நான் தனியாகக் கேட்டபோது நண்பன் சொன்னது: “எனக்கு அவங்கமேல ஒண்ணும் இல்லடா. குரூப்ல எல்லாரும் ரசிக்கிறாங்க, அதான் போட்டேன்.” சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். வெறுப்பை வேறு யாரோ ஒருவரின் கணக்கில் எழுதிவிட்டு, காரியத்தை மட்டும் தான் செய்வது. முகவரும் ஒருவேளை நல்ல மனிதராக இருக்கலாம். நண்பன் நிச்சயம் நல்லவன். என் அப்பாவுக்கு மூச்சுத் திணறிய இரவு, இரண்டு மணிக்கு எழுந்து வந்து எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன் அவன்தான். இதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எழுதினால் அது பொய்.

2019இல் சிங்கப்பூரில் மின்னணுப் பணம் செலுத்தும் முறைக்கான விளம்பரம் ஒன்றில், ஒரு சீன நடிகர் தோலுக்குப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராகத் தோன்றினார். பிரீத்தி நாயரும் சுபாஸ் நாயரும் அதைத் தாளித்து ஒரு ராப் காணொளி வெளியிட, காவல்துறை அவர்களுக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. எங்கள் குழுவில் அன்று ஒருவர்கூட ‘சும்மா ஜோக்குதான்லா’ என்று சொல்லவில்லை. நம் தோலை இன்னொருவன் வேஷமாகப் போட்டுக் கழற்றுவது எப்படிப்பட்ட அவமானம் என்று விளக்கம் இல்லாமலேயே புரிந்தது. அதே நாங்கள், ஆண் நகைச்சுவை நடிகர் புடவை கட்டிக் குரலை இழுத்துப் பேசி, கதாநாயகன் அருவருத்து ஓடும் தமிழ்ப் படக் காட்சிகளை எத்தனை தடவை பார்த்துச் சிரித்திருப்போம். அதுவும் வேஷம்தான். அங்கே வேஷமானது நம் தோல் இல்லை, அவ்வளவுதான்.

ஜோக்குக்கு மேலேயும் போகிறது. 2017 ஜூனில் பினாங்கில் 18 வயது இளைஞன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். பள்ளி நாளிலிருந்தே அவன் மென்மையானவன் என்று கேலி செய்யப்பட்டவன் எனச் செய்திகளில் வந்தது. ‘பொண்டான்’ என்ற மலாய்ச் சொல் அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் குழுவும் அழுதது, மெழுகுவர்த்திப் படங்கள் போட்டது. பகடிவதை, குண்டர்தனம், பெற்றோர் கண்காணிப்பு எல்லாம் விவாதிக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. எப்படிப் பேசுவோம்? அது எங்கள் வாயிலும் இருந்ததே.

இனி அவளைப் பற்றி. அவளிடம் கேட்டுவிட்டு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்களோடு படித்தவள். குழுவில் இன்னும் பழைய பெயரில், பழைய படத்தோடு இருக்கிறாள். அவள் யார் என்பது என்னையும் இன்னொரு தோழியையும் தவிர அங்கே எவருக்கும் தெரியாது. எனக்கே அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் தெரியும். அப்படியானால் நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்த அந்த நேரத்தில் அவளும் அந்த ஸ்டிக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘பிடிக்கலன்னா குரூப்ல இருந்து போகவேண்டியதுதானே’ என்று சுலபமாகச் சொல்கிறோம். நானும் கேட்டேன். அவள் சொன்னாள்: “அந்த வீடியோவுக்கு அப்புறம் நான் வெளியேறிட்டேன்னு தெரிஞ்சா, அடுத்த நிமிஷம் என்ன பேசுவாங்க?” நான் அதை யோசித்ததே இல்லை. நமக்குக் கதவாகத் தெரிவது அவளுக்கு ஒப்புதல் வாக்குமூலம்.

இது தெரிந்தபிறகு எனக்கு வீரம் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து யாரோ ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி’ என்று எழுத, நான் காத்திருந்தவன்போல இறங்கினேன். சிங்கப்பூரில் 1971லேயே பால்மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் அதைச் செய்த குழுவின் தலைவர் எஸ்.எஸ். ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். 1973லேயே அடையாள அட்டையில் பாலினத்தை மாற்ற அங்கே வழி செய்யப்பட்டது. கூவாகம். 2008இல் தமிழ்நாட்டில் அமைந்த நலவாரியம். நெகிரி செம்பிலான் ஷரியா சட்டத்தின் 66ஆவது பிரிவை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது, அடுத்த ஆண்டே கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அந்தத் தீர்ப்பை ஒதுக்கியது. அ. ரேவதியைப் படித்திருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். அனுப்பிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன்.

எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குப்பின் மூன்று நாள் குழுவில் வேறு பேச்சே இல்லை. கழிப்பறை, கல்யாணம், கடவுள், ‘நம்ம பிள்ளைங்க’ என்று எல்லாம் வந்தது. “ஏன் உனக்கு இவ்ளோ அக்கறை?” என்று ஒருவன் கண்சிமிட்டும் முகத்தோடு கேட்டான். “நம்ம செட்லயே யாராச்சும் இருக்காங்களோ?” என்றான் இன்னொருவன். பெயர்களை ஊகிக்கும் விளையாட்டு தொடங்கியது. நல்லவேளை, அவள் பெயர் வருவதற்குள் நின்றுபோனது.

நான்காம் நாள் அவள் அழைத்தாள். திட்டவில்லை. களைத்த குரலில், “நீ நல்லாத்தான் எழுதியிருந்த” என்றாள். “ஆனா எனக்கு அன்னிக்குத் தேவைப்பட்டது என்ன தெரியுமா? பேச்சு வேற பக்கம் திரும்பணும், அவ்ளோதான். நீ மூணு நாள் என்னையே நடு வீட்டுல நிக்க வச்சிட்ட.”

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். எதிர்ப்பு என்றால் நமக்குக் கட்டுரை. எதிராளியை மடக்கவேண்டும், திருத்தவேண்டும், அவன் தலைகுனிவதைப் பார்க்கவேண்டும். ஆனால் லாரி நண்பனை யாரும் ஒரே இரவில் திருத்தமுடியாது. நான் பேசவேண்டியது அவனைத் திருத்த அல்ல. படித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் ஒருவருக்கு, இந்த முப்பது பேரும் ஒரே மாதிரி இல்லை என்று தெரியவேண்டும். அதற்கு நீளம் தேவையில்லை. சீக்கிரம் சொல்வது முக்கியம். முதல் ஸ்டிக்கர் விழுந்தவுடன், பத்தாவது விழுவதற்கு முன்.

‘தனியா கூப்பிட்டுச் சொல்லு, சபையில ஏன்’ என்பார்கள் பெரியவர்கள். பாதி சரி. விளக்கத்தைத் தனியாகச் சொல்லலாம். நண்பனிடம் நான் அப்படித்தான் பேசினேன், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லைச் சபையில்தான் சொல்லவேண்டும். சபையில் அடித்துவிட்டுத் தனியறையில் மன்னிப்புப் பேசினால், அடிபட்டவருக்கு அது கேட்பதே இல்லை. அந்த முகவர் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை, ‘அப்படின்னா உங்க வீட்ட நான் விளம்பரம் பண்ணமாட்டேன்’ என்று சொல்லியிருந்தால்? அவருக்குக் கமிஷன் போயிருக்கும். எனக்கும் கொஞ்சம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஃபுட்சாலுக்கு இப்போது என்னைக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. குழுவில் எனக்கு ‘சார்’ என்று பெயர் விழுந்திருக்கிறது. பெரிய இழப்பு இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். சில ஞாயிறுகளில் அப்படித் தோன்றுவதில்லை.

போன மாதம் ஒரு வியாழன் இரவு, வேறொருவன் அதே ரகத்தில் ஒரு ஸ்டிக்கர் போட்டான். எனக்கு உடனே நாலு பத்தி தோன்றியது. அடித்து, அழித்து, “இது வேணாம்டா” என்று மட்டும் அனுப்பினேன். நீல டிக் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் அமைதி எவ்வளவு நீளமாக இருக்கும் என்று அன்றுதான் அளந்தேன்: பதினொரு நிமிடம். அப்புறம் லாரி நண்பன், ரவூப்பிலிருந்து டுரியான் ஏற்றிக்கொண்டு வருவதாகவும் யாருக்கு வேண்டும் என்றும் கேட்டான்.

பல மாதங்களாக அந்தக் குழுவில் ஒரு சொல்கூடப் பேசாத ஒரு பழைய பெயரிலிருந்து கேள்வி வந்தது.

“மூசாங் கிங் கிலோ எவ்ளோ?”