அம்பும் ஒளியும்: அசையாதது எது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கெடிலக் கரையில், திருவதிகையில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்குச் சரநாராயணப் பெருமாள் என்பது திருநாமம். திரிபுர சங்கார காலத்தில் சிவபெருமானுக்குச் சரமாக, அதாவது அம்பாக, உதவியமையால் இத்திருநாமம் ஏற்பட்டது என்பது ஸ்தல புராணம். அன்று பூமியே தேராயிற்று, சூரிய சந்திரர் சக்கரங்களாயினர், நான்முகன் சாரதியானான். வானில் திரிந்த மூன்று கோட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் கூடிய கணத்தில் அவற்றின் அழிவு நேர்ந்தது.

இதனைச் சிந்திக்குங்கால் ஒரு வினா எழுகிறது. கோட்டைகள் அசைகின்றன; தேரும் அசைகிறது; நாம் நிற்கும் நிலமே தேர். ஆயின் அசையாத இடம் எது? எவருடைய கண்ணைக் கொண்டு, "இது ஓடுகிறது, இது நிற்கிறது" என்று தீர்ப்பது?

கி.பி. 476-இல் பிறந்த ஆரியபடர் இவ்வினாவைத் தொட்டார். ஓடத்தில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கிச் செல்வனபோல் தோன்றும். அவ்வாறே பூமி சுழல்வதால் விண்மீன்கள் மேற்கே செல்வனவாகக் காண்கிறோம் என்றார். இதனைத் தேர்த் திருவிழாவில் நாமே அறியலாம். வீதியோரத்தில் நிற்பவருக்குத் தேர் அசைகிறது. தேர்த்தட்டில் அமர்ந்த அர்ச்சகருக்கோ வீடுகள் நகர்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்தோடும் பட்டையின்மீது ஒரு பூச்சி முன்னோக்கி ஊர்ந்தால், தரையில் நிற்பவர் கணக்கில் பட்டையின் வேகமும் பூச்சியின் வேகமும் சேர்ந்துவிடும்.

ஒளிக்கும் இக்கணக்கே பொருந்தும் என்று சென்ற நூற்றாண்டுக்கு முன்னர் அறிஞர் எண்ணினர். அசையாத 'ஈதர்' என்னும் ஊடகம் எங்கும் நிறைந்துள்ளது. அதில் பூமி விநாடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் செல்கிறது, ஆதலின் திசைக்குத் திசை ஒளியின் வேகம் வேறுபட வேண்டும் என்பது அவர்கள் துணிபு. 1887-இல் அமெரிக்காவில் மைக்கேல்சன், மார்லி என்னும் இருவர் நுட்பமாகச் சோதித்தனர். எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை. 1905-இல் ஐன்ஸ்டீன், சீரான வேகத்தில் செல்வோர் அனைவருக்கும் ஒளியின் வேகம் ஒன்றே எனக் கொண்டு, முழுமுதல் ஓய்வு என்னும் கருத்தே தேவையற்றது எனக் காட்டினார். அவ்வேகம் விநாடிக்கு 2,99,792.458 கி.மீ. 1983 முதல் மீட்டர் என்னும் அளவே இதனைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது.

இதன் விளைவை நம் உதகமண்டலத்திலேயே காணலாம். அங்குள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 கூடம், விண்கதிர்கள் வானில் மோதித் தோற்றுவிக்கும் மியூவான் துகள்களை எண்ணுகிறது. மியூவானின் சராசரி ஆயுள் விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கே. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். எனினும் பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை நிலத்தை அடைகின்றன. நம் கணக்கில் அவற்றின் காலம் நீள்கிறது. அவற்றின் நிலையிலிருந்து நோக்கினால், தொலைவு சுருங்குகிறது. அளவுகள் வேறு, ஆயினும் துகள் நிலத்தை அடைந்தது என்பதில் இரு கணக்கும் ஒன்றுபடுகின்றன.

திரிபுரக் கதைக்கும் இது பொருந்தும். மூன்று கோட்டைகளும் 'ஒரே கணத்தில்' ஒரு கோட்டில் நின்றன என்பதை, வெவ்வேறு வேகத்தில் செல்வோர் ஒருபடித்தாக ஒப்புக்கொள்ளார். ஆனால் அம்பு தைத்தது என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஈண்டு இரு எச்சரிக்கைகள் வேண்டும். ஐன்ஸ்டீனின் கொள்கையை நம் புராணம் முன்பே கூறிற்று என்று நாம் பெருமை பேசலாகாது. புராணம் பக்திக்கு வழிகாட்டுவது. சோதனைச்சாலையின் சான்று அதற்கு வேண்டுவதில்லை. அவ்வாறே, "எல்லாம் சார்பு, ஆகவே தர்மமும் அவரவர் பார்வையே" என்று வாதிடுவதும் பிழை. சார்புக் கொள்கை அவ்வாறு கூறவில்லை. ஒருவர் அளவை மற்றவர் அளவாக மாற்றும் விதியையும், எவருக்கும் மாறாதவற்றையும் அது வகுத்துத் தருகிறது.

சார்பானது பொய்யன்று. எம்பெருமானார் இராமாநுசர் யதார்த்தக்யாதி என்னும் கொள்கையால், அறிவு அனைத்தும் உள்ளதையே பற்றுகிறது என்று நிலைநாட்டினார். ஓடத்திலிருந்து கண்டவனும் கரையிலிருந்து கண்டவனும் உள்ளதையே கண்டனர். தான் கண்டது மட்டுமே முழுமை என்று கொள்வதிலேதான் பிழை புகுகிறது.

உடன்பிறந்தார் இருவர் பாகப்பிரிவினையில் மாறுபடும்போது, "நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், விலகியவன் அவனே" என்றுதான் ஒவ்வொருவரும் கூறுகின்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் கொடுத்த வாக்கும், வாங்கிய கடனும், முதிய தாயின் பசியும் எந்நிலையிலிருந்து நோக்கினும் மாறுவதில்லை. அவற்றைப் பற்றிக்கொண்டு, மற்றவன் நிலையிலிருந்தும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதே அறம். "யான் அசையேன், உலகமே என்னைச் சுற்றி அசைகிறது" என்னும் எண்ணத்தைத்தான் நம் பெரியோர் அகங்காரம் என்றனர்.

உலகமே தேரானபோது நமக்கென அசையாத ஆசனம் ஏது? தேரில் செல்வோர்க்கும் தெருவில் நிற்போர்க்கும் அந்தர்யாமியாய் நிறைந்தவன் ஒருவனே. அவனைப் பற்றுவோமாக.

சரநாராயணப் பெருமாள் திருவடிகளே சரணம்.