எரிந்த காடு யாருடையது?

தனியொருவரின் வீடு தீப்பற்றி எரிந்தால் அதன் சாம்பல் யாருக்குரியது என்ற கேள்வி எழுவதில்லை. இழப்பும் அவருடையது, எஞ்சி நிற்கும் சுவரும் அவருடையது. ஆனால் மக்கள் அனைவருக்கும் உரியது எனச் சட்டம் கூறும் ஒரு காடு எரிந்துவிட்டால் இழந்தவர் யார்? கருகி நிற்கும் மரங்கள் எவருக்குச் சொந்தம்? அவற்றை வெட்டுவதா, விட்டுவிடுவதா எனத் தீர்மானிக்கும் உரிமை எவரிடத்தில் உள்ளது? மேலோட்டமாக நோக்குவோருக்கு இது வன அதிகாரிகள் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய தொழில்நுட்ப விவகாரமாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பொதுச்சொத்து என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்ற வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

தனியுடைமையின் தாயகம் எனப் பெயர்பெற்ற ஐக்கிய அமெரிக்காவிலே சுமார் 19 கோடி ஏக்கர் காடு தேசிய வனம் என்ற பெயரில் மத்திய அரசின் உடைமையாக இருப்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அவற்றுள் ஒன்று மேற்குக் கரையோரத்தில், ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலே, சிஸ்கியூ மலைகளில் அமைந்துள்ளது. 2002ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி அங்கு விழுந்த மின்னல்கள் மூட்டிய தீக்கள் ஒன்றுசேர்ந்து ஏறக்குறைய 5 இலட்சம் ஏக்கர் பரப்பிலே பரவின. அங்குள்ள ஓர் ஓடையின் பெயரால் அதனைப் பிஸ்கட் தீ என அழைத்தனர். அத்துணைப் பெரிய அழிவுக்கு அத்துணை அற்பமான பெயர்! தீ எங்கும் ஒரே விதமாக எரிக்கவில்லை. சில சரிவுகளில் ஒரு மரமும் உயிர் தப்பவில்லை. சிலவற்றில் நிலத்துப் புல்லும் புதரும் மட்டுமே கருகின. இடையிடையே தீ தீண்டாத பசுந்திட்டுகளும் எஞ்சின. காட்டுத் தீ என்றதும் கரிய பாலைவனம் ஒன்றையே மனக்கண்ணிற் காண்போர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

தீ அணைந்ததும் வாதம் மூண்டது. எரிந்த மரங்களை வெட்டி விற்பதற்கு அந்நாட்டு வனத்துறையினர் வழங்கும் பெயர் சால்வேஜ் என்பது. உடைந்த கப்பலிலிருந்து சரக்கை மீட்கும் மாலுமிகளின் சொல் அது. கப்பல் மூழ்கிவிட்டது, இனி மிஞ்சுவதைக் கரைசேர்ப்பதே அறிவுடைமை என்ற முடிவு அச்சொல்லுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. வாதம் தொடங்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது எனலாம். ஆதிக்கம் செலுத்துவோர் தம் சொற்களையும் பிறர் நாவிலே ஏற்றிவிடுகின்றனர் என்பதை நமது அரசியல் அனுபவத்திலும் கண்டிருக்கிறோம்.

எனினும் வெட்டவேண்டும் என்றோரின் வாதத்தை எள்ளி நகையாடிவிட்டு அப்பாற் செல்வது நேர்மையாகாது. எரிந்த மரத்தை வண்டும் பூஞ்சணமும் விரைவிலே பற்றுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுள் அதன் விலை பெரிதும் வீழ்ந்துவிடும். அம்மரத்தை நம்பி அறுவை ஆலைகள் உள்ளன. ஆலைகளை நம்பிச் சிற்றூர்கள் உள்ளன. இன்னுமொன்று ஆசிரியர்களாகிய நமது வாசகர்களுக்கு நெருக்கமானது. 1908ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி தேசிய வனங்களின் வருமானத்திலே நாலில் ஒரு பங்கு அவ்வவ் வட்டாரங்களின் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் அளிக்கப்பட்டு வந்தது. அதாவது, காட்டில் எவ்வளவு மரம் விழுகிறதோ அவ்வளவு பணம் வகுப்பறைக்கு வரும். 1990களில் அரிய வகை ஆந்தையொன்றின் பாதுகாப்பை ஒட்டி மரவெட்டு சுருங்கியபோது இந்தப் பாடசாலைகளே முதலில் தள்ளாடின. 2000ஆம் ஆண்டில் வேறொரு சட்டத்தினால் மானியம் வழங்கவேண்டியதாயிற்று. பிள்ளையின் படிப்பையும் மரத்தின் வாழ்வையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்துவிட்டு, பின்னர் ஆசிரியரையும் இயற்கையை நேசிப்போரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் காட்டிலுமில்லை, பள்ளியிலுமில்லை. வேலையிழந்த மரவெட்டித் தொழிலாளியைக் காட்டின் பகைவன் என ஏசும் நகரத்து மேன்மக்கள் இதனை உணர்வதில்லை.

சரி, எரிந்த மரம் உண்மையிலேயே செத்த சரக்குத்தானா? கருகிய மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் புழுக்களைத் தேடிக் கருமுதுகு மரங்கொத்தி வருகிறது. எரிந்த காடே அதற்கு உகந்த வீடு. அது குடைந்து கைவிட்ட பொந்துகளிலே பின்னர் வேறு பறவைகள் குடியேறுகின்றன. நின்ற மரம் தன் நிழலால் இளநாற்றுகளை வெயிலிலிருந்து காக்கிறது. விழுந்த மரம் சரிவிலே மண்ணைத் தடுக்கிறது. ஓடையிற் கிடந்தால் சல்மன் மீன்கள் தங்கும் மடுக்களை உண்டாக்குகிறது. மக்கி மண்ணாகும் வரையில் அது ஒரு நூற்றாண்டுக்கு மேலும் காட்டின் பொருளாதாரத்திலே பங்குகொள்கிறது. அப்பொருளாதாரத்தில் விலைச்சீட்டு இல்லை. ஆகவே சந்தையின் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை.

இவ்விடத்திலே ஒரு மாணவரின் கதையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த டானியல் டொனாட்டோவும் அவருடைய சகாக்களும் பிஸ்கட் தீ எரித்த நிலத்தில் நாற்றுகளை எண்ணினர். எவரும் நடாமலே ஊசியிலை மரக்கன்றுகள் தாராளமாக முளைத்திருந்தன. மரம் வெட்டி இழுத்த இடங்களிலோ அக்கன்றுகள் 71 விழுக்காடு குறைந்திருந்தன. வெட்டியபின் கழித்துப்போட்ட கிளைகளும் சுள்ளிகளும் நிலத்திலே குவிந்து, அடுத்த தீக்கு விறகாய்க் கிடந்தன. இம்முடிவுகள் ஒரே பக்க அளவிலான கட்டுரையாக 2006 ஜனவரியில் சயன்ஸ் என்ற சஞ்சிகையில் வெளிவந்தன. அச்சேறுமுன்னரே அதே பல்கலைக்கழகத்தின் வனவியற் பேராசிரியர் சிலர் அதனை நிறுத்திவைக்குமாறு சஞ்சிகைக்கு எழுதினர். ஆராய்ச்சிக்குப் பணமளித்த மத்திய அரசு நிறுவனம் நிதியை இடைநிறுத்தி, கண்டனம் எழுந்த பின்னர் மீண்டும் வழங்கியது. கொங்கிரஸ் உறுப்பினர்கள் மாணவரை அழைத்து விசாரித்தனர். மரவெட்டின் மீது விதிக்கப்படும் வரியிலிருந்து அக்கல்லூரிக்கு ஒரு பங்கு கிடைத்துவந்தது என்பதையும் இங்கே குறித்தல் தகும். ஆய்வின் குறைகளும் பேசப்பட்டன. சில ஆண்டுகளின் அவதானத்தைக் கொண்டு ஒரு காட்டின் நூற்றாண்டைக் கணிக்கலாமா என்பது நியாயமான வினாவே. ஆனால் அத்தகைய வினாவை எழுப்புதற்குரிய இடம் மறுப்புக் கட்டுரை. அச்சுக்கூடத்தின் கதவையடைப்பது அன்று. கல்விக்கூடங்களில் உள்ள நாம் இந்த வேறுபாட்டை ஒருபோதும் மறக்கலாகாது.

அதே மலைகளில் 1987ஆம் ஆண்டிலும் ஒரு பெருந்தீ எரிந்திருந்தது. அப்பொழுது சில பகுதிகளை வெட்டி, புதிய நாற்றுகளை நட்டனர். சிலவற்றை அவ்வாறே விட்டனர். பதினைந்து ஆண்டுகளின் பின் பிஸ்கட் தீ அவ்விரண்டின் மேலும் பரவியது. செய்மதிப் படங்களைக் கொண்டு 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, வெட்டி நட்ட இடங்களே தானாக வளரவிட்ட இடங்களைவிடக் கடுமையாக எரிந்தன என்று காட்டிற்று. கேடு வெட்டியதாலா, நட்டதாலா எனப் பிரித்துக் கூற ஆய்வாளர் துணியவில்லை. அந்த அடக்கம் பாராட்டத்தக்கது. எனினும் ஒரே வயதினவாய் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இளமரத் தோப்பு தீக்கு எளிதில் இரையாகும் என்பது அங்குள்ள விவசாயிக்கும் தெரியும்.

பணக்கணக்கிலாவது இலாபம் உண்டா? வனத்துறை ஏறக்குறைய 36 கோடி 70 இலட்சம் பலகையடி மரத்தை விற்கத் திட்டமிட்டது. 2005ஆம் ஆண்டின் முடிவில் விற்பனையானது சுமார் 6 கோடி 70 இலட்சம் பலகையடி மாத்திரமே. கொங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2006இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெட்டிய நிலத்தைத் துப்புரவாக்கி மீண்டும் நடும் செலவையும் சேர்த்தால், விற்பனையால் வந்த பணம் செலவுக்குப் போதாது. வழக்குகள் தாமதப்படுத்தியதே காரணம் என்று ஒருசாரார் கூறினர். இருக்கலாம். ஆயினும் ஆதாயம் ஆலைக்கும் பற்றாக்குறை பொதுக் கருவூலத்துக்கும் என்ற பங்கீடு நமக்குப் புதியதன்று.

தாமதம் என்ற இச்சொல்லிலேதான் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறதென்று நாம் எண்ணுகிறோம். மரம் மக்குகிறது, ஆகவே விவாதிக்க நேரமில்லை. நேரமில்லை, ஆகவே விவாதிக்கும் உரிமையும் இல்லை. அவசரகாலச் சட்டங்களின் நிழலிலே நெடுங்காலம் வாழ்ந்த நாட்டினராகிய நமக்கு இத்தர்க்கத்தின் ஓசை பழக்கமானது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொங்கிரஸ் செலவுக் குறைப்புச் சட்டமூலமொன்றின் வாலிலே ஒரு பிரிவைக் கட்டியது. ஜனாதிபதி கிளின்டன் அதிலே கையொப்பமிட்டார். எரிந்த மரங்களின் விற்பனையைச் சூழற் சட்டங்களைக் காட்டி நீதிமன்றத்திலே தடுக்கும் வழியை அது 1996ஆம் ஆண்டின் இறுதிவரை பெரும்பாலும் அடைத்துவிட்டது. காடு எரிந்ததனால் மக்களின் குரலும் எரிந்துவிட்டது போலும்! தீ ஒரு சொத்தின் உருவை மாற்றலாம். அது எவருடையது என்பதை மாற்றிவிடுமா?

எவருடையது என்று கேட்கப் புகுந்தால் இன்னும் பின்னோக்கிச் செல்லவேண்டும். சிஸ்கியூ மலைகளையும் ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் டகெல்மா முதலான ஆதிக்குடிகள் தீயைக் கொண்டே பேணினர். பருவமறிந்து சிறு தீ மூட்டிப் புதரை ஒடுக்கி, உணவு தரும் கருவாலி மரங்களைக் காத்தனர். பொன் தேடி வந்தோர் 1850களில் அவர்கள்மேல் போர் தொடுத்தனர். 1855, 1856ஆம் ஆண்டுகளின் சண்டைகளில் எஞ்சியோர் வடக்கேயுள்ள ஒதுக்கிடங்களுக்குத் துரத்தப்பட்டனர். அதன் பின்னரே அந்நிலம் 'பொது' நிலமாயிற்று. நமது நாட்டிலும் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என அனுமானித்து, அவை கோப்பித் துரைமார் கைக்குப் போக வழிசெய்ததை வாசகர் நினைவுகூர்வர். அரசுடைமை என்பதும் மக்களுடைமை என்பதும் ஒரே பொருளைச் சுட்டும் இரு சொற்களல்ல.

1905ஆம் ஆண்டில் வனச்சேவை நிறுவப்பட்டபோது அதற்கு விதிக்கப்பட்ட கொள்கை, நீண்டகால நோக்கிலே மிகப் பெரும்பான்மையோரின் மிகப் பெரும் நன்மை என்பதாகும். நல்ல கொள்கைதான். ஆனால் அதிலே 'நீண்டகாலம்' என்ற சொல்லைச் சேர்த்தவுடன் பெரும்பான்மை என்பதன் பொருளே மாறிவிடுகிறது. இன்று வாழ்வோரைவிட இனிப் பிறப்போர் தொகையில் மிகுந்தவர். முன்னூறு ஆண்டு நிற்கக்கூடிய மரத்தைப் பற்றிய தீர்மானத்தில் அவர்களுக்கு வாக்கில்லை, சங்கமில்லை, ஆலையுமில்லை. இன்றைய தலைமுறை அவர்களுடைய சொத்தின் காவலாளியாயிருக்கலாமேயன்றி அதனை விற்கும் முழு உரிமையாளியாதல் எவ்வாறு?

இவ்வாறு கூறுவதனால், எரிந்த காட்டைத் தொடாமல் விட்டுவிடுவதே எங்கும் அறம் என்று நாம் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. இயற்கையை அதன்போக்கில் விடுக என்ற முழக்கம், மனிதன் அதன்போக்கை முன்னரே மாற்றிவிட்டான் என்பதை மறந்துவிடுகிறது. 1910 ஓகஸ்டில் ஐடாஹோ, மொன்டானாப் பகுதிகளில் இரண்டு நாள்களிலே முப்பது இலட்சம் ஏக்கர் எரிந்த பீதியில், வனச்சேவை எல்லாத் தீயையும் பகைவனாகக் கொண்டது. 1935இல், கண்ட தீ ஒவ்வொன்றையும் மறுநாட் காலை 10 மணிக்குள் அடக்கவேண்டும் என விதித்தது. சிறு தீக்கள் தின்னவேண்டிய சருகும் புதரும் பல பத்தாண்டுகளாகக் குவிந்தன. அதன்மேல் வெப்பமேறும் வானிலையும் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவின் மாபெருஞ் செக்குவோயா மரங்கள் தீயின் சூட்டிலேயே காய் வெடித்து விதை சிந்துபவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல தீக்களைக் கண்டு நின்றவை. 2020, 2021ஆம் ஆண்டுகளின் தீக்களோ உலகிலுள்ள பெருஞ் செக்குவோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை கொன்றுவிட்டன என மதிப்பிடப்பட்டுள்ளது. சில தோப்புகளில் விதையுமில்லை, விதை தரும் தாய்மரமுமில்லை. அங்கே நாற்று நடுவதென 2023இல் தேசியப் பூங்காச் சேவை முடிவு செய்தது. மனிதன் கைவைக்கலாகாத வனப்பகுதியிலே இது தகுமா எனச் சிலர் எதிர்த்தனர். எதிர்த்தோரின் நோக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் இவ்விடத்தில் நடுவோரின் பக்கமே நாம் நிற்போம். நோயை உண்டாக்கியவன் மருந்து கொடாமல் ஒதுங்கி நிற்பதற்குத் துறவு என்று பெயரிட முடியாது. சிஸ்கியூவிலே தானாக முளைத்த கன்றுகளை மிதித்து மரமிழுத்தவர்களையும், விதையற்ற தோப்பிலே கன்றேந்திச் செல்வோரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

நடுவது என்றதும் எவர் கையால் என்ற கேள்வி எழுகிறது. அதனை இந்த விவாதத்தில் ஈடுபடும் இருதரப்பாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. 1970களில் ஓரிகனின் யூஜீன் நகரைச் சுற்றி ஹோடாட்ஸ் என்ற கூட்டுறவு ஒன்று வளர்ந்தது. மரம் நடும் மண்வெட்டியின் பெயரே அதன் பெயர். ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான உழைப்பாளர் மேலாளரின்றித் தாமே ஒப்பந்தம் எடுத்து, தாமே தீர்மானித்து, பொதுக்காடுகளில் நாற்று நட்டனர். காட்டிலே களைகொல்லி தெளிப்பதையும் எதிர்த்தனர். 1990களில் அது கலைந்துவிட்டது. அதே காடுகளில் பின்னர் நட்டவர்களிற் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்த கூலியாள்கள். மிகக் குறைந்த தொகை கேட்கும் ஒப்பந்தகாரருக்கே அரசு வேலையைக் கொடுக்க, அவரோ அந்தக் குறைவை இவர்களின் கூலியிலும் கூடாரத்திலும் பிடித்துக்கொண்டார். 2005ஆம் ஆண்டில் சக்கரமென்ரோ நகரத்து நாளிதழ் ஒன்று இவர்கள் பட்ட இன்னல்களைத் தொடர்கட்டுரைகளாக வெளியிட்டது. பைன் மரக்காட்டின் ஆள்கள் என்ற பொருளில் அவர்கள் பினேரோக்கள் எனப்படுகின்றனர். செங்குத்தான சரிவிலே தோளிற் பையுடன் குனிந்து குனிந்து நடும் அவர்களுட் பலருக்கு, தாம் நட்ட மரம் நிழல்தரும் நாள்வரை அந்நாட்டிலே தங்கியிருக்கும் உரிமை கிடையாது. எரிந்த காட்டின் உரிமையாளர் யார் என்று கணக்கெடுக்கப் புகுவோரின் ஏட்டிலே அவர்களின் பெயர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது?