எதில் எழுதினாய், ஏன்?

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சாதகம் பார்க்காமல், புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டவர். மனை வாங்கியபோது வாஸ்து பேச வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியவர். கோவையில் நான்கு பேரை வைத்துக்கொண்டு கைப்பேசிச் செயலிகள் செய்து தருகிறார். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, இனிமே எல்லா ஆப்பையும் ஃப்ளட்டர்லயே பண்ணிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.”

“நல்லது. ஏன்?”

“என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? கூகுளே பண்ணுனது. எல்லாரும் அதுக்குத்தான் மாறிட்டு இருக்காங்க.”

பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஊரே செய்கிறது. இந்த இரண்டு வாதங்களையும் அவர் இருபது வயதிலிருந்து மறுத்து வந்திருக்கிறார். உறவினர்களோடு சண்டை போட்டிருக்கிறார், அப்பாவோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார். தொழில் என்று வந்ததும் அதே இரண்டும் அவர் வாயிலிருந்தே வந்தன. அவர் ஒருவரை மட்டும் சொல்லவில்லை. கணினித் துறையில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் முடிவெடுக்கிறோம். இது வெறும் அறிவுக் குறைபாடு என்று சொல்லிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. ஒழுக்கக் குறைபாடு என்றே சொல்வேன்.

கூகுள் சொன்னது என்றால், எதைச் சொன்னது? 2017இல் ஆண்ட்ராய்டு செயலிகளுக்குக் கோட்லின் மொழியை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2019இல் கோட்லினுக்கே முதலிடம் என்றது. அது கூகுள் உருவாக்கிய மொழிகூட இல்லை. ஜெட்பிரெய்ன்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவின் பெயரை வைத்தது. அதே கூகுள்தான் 2018 டிசம்பரில் ஃப்ளட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதற்கு மொழி டார்ட். ஆண்ட்ராய்டோடு ஒட்டி உறவாட வேண்டிய செயலிக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஒரே முறை எழுத வேண்டிய செயலிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. எந்தக் காரணம் உங்கள் வேலைக்குப் பொருந்தும் என்பது கூகுளுக்குத் தெரியாது. உங்கள் வாடிக்கையாளரை அது பார்த்ததில்லை.

இதை ஏன் ஒழுக்கக் குறைபாடு என்கிறேன்? 1877இல் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் நம்பிக்கையின் அறம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படப் போகிறது. அவருக்கே உள்ளூர ஐயம் இருக்கிறது. ஆய்வு செய்தால் செலவாகும். இத்தனை பயணம் போய் வந்ததுதானே, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். மனமார நம்பியே கப்பலை அனுப்புகிறார். அது நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் நம்பிக்கை பொய்யல்ல, உண்மையாகவே நம்பினார். ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. அதோடு நிற்கவில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான். பிடிபடாத குற்றவாளி, அவ்வளவே.

செயலி கவிழ்ந்தால் யாரும் மூழ்குவதில்லையே என்று கேட்கலாம். இன்று எரிவாயு உருளை பதிவு செய்வதும், மருத்துவமனையில் முறை வாங்குவதும், மகனுக்குக் கட்டணம் கட்டுவதும் அந்தச் சின்னத் திரையில்தான் நடக்கின்றன. அது திறக்காவிட்டால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியைப் போக்கியவர்கள் யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது என்பதுதான் நமக்கு வசதி.

என் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பால் சங்கத்துக்குச் செயலி எழுதிக் கொடுத்தேன். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர்களின் பெயர், லிட்டர், கொழுப்பு அளவு, தொகை ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிந்து சின்னச் சீட்டாக அச்சடித்துக் கொடுக்கும் செயலி. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் ரியாக்ட் நேட்டிவ் என்ற கருவியைத் தேர்ந்தெடுத்தேன். சங்கத்தாரிடம் வேகம், எதிர்காலம் என்றெல்லாம் விளக்கினேன். உண்மைக் காரணம் வேறு. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆசை. அடுத்த வேலைக்கு ரெஸ்யூமில் போட அது வேண்டியிருந்தது. அவர்கள் பணத்தில் நான் படித்தேன்.

சீட்டின் அகலம் குறைவு என்பதால் பெயருக்குப் பதினாறு எழுத்து என்று வரம்பு வைத்தேன். ஆங்கிலத்தில் சில பெயர்களைத் தட்டிச் சோதித்தேன். எல்லாம் அடங்கின. செந்தமிழ்ச்செல்வி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் விட்டு எண்ணினால் ஒன்பது எழுத்து. பள்ளிக்கூடம் போன எந்தக் குழந்தையும் ஒன்பது என்றுதான் சொல்லும். ஆனால் யூனிகோடில் ‘செ’ என்பது சகரமும் கொம்பும் சேர்ந்து இரண்டு குறியீடு; ‘ந்’ என்பது நகரமும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. ஜாவாஸ்கிரிப்ட் இந்தக் குறியீடுகளை எண்ணுமே தவிர எழுத்தை எண்ணாது. அதன் கணக்கில் அந்தப் பெயருக்குப் பதினேழு. பதினாறில் வெட்டினால் கடைசி இகரக் குறி போய்விடும். சீட்டில் ‘செந்தமிழ்ச்செல்வ’ என்று வரும்.

இதேபோல ஒருவர் பெயரை என் செயலி வெட்டிக்கொண்டிருந்தது. நான் நேரில் போனது நான்கு மாதம் கழித்து. அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பெயரின் கடைசி எழுத்துக்குப் பேனாவால் அவரே குறி போட்டிருந்தார். யாரிடமும் முறையிடவில்லை. இயந்திரம் அப்படித்தான் அடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்ததாகச் சொன்னார்.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் கேட்டால் மூன்று என்று சொல்லும். ஜாவாவிலும் கோட்லினிலும் டார்ட்டிலும் வழக்கமான வழியில் கேட்டால் ஐந்து. உடனே ஸ்விஃப்ட்டுக்கு மாலை போட வேண்டியதில்லை. படிப்பவர் கண்ணுக்கு எது ஓர் எழுத்தோ அதையே எழுத்தாக எண்ணுவது என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறையும் சொல்லை முதலிலிருந்து நடந்து பார்த்து எண்ண வேண்டும். மற்ற மொழிகளிலும் இந்த வசதி தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றாததற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. கருவியைத் தேர்ந்தபோது அந்த அம்மா என் நினைப்பிலேயே இல்லை.

டோனி ஹோர் என்ற பெரிய கணினி அறிஞர் இருந்தார். 1965இல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது ‘எதையுமே சுட்டாத சுட்டி’ ஒன்றை அதில் சேர்த்தார். ஆங்கிலத்தில் ‘நல்’ (null) என்பார்கள். அதை நடைமுறைப்படுத்துவது அவ்வளவு சுலபமாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லை என்று 2009இல் ஒரு மேடையில் அவரே சொன்னார். அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் சொன்னார். கைப்பேசியில் செயலி திடீரென்று நின்று மூடிக்கொள்வதற்குப் பல ஆண்டுகளாக முக்கியக் காரணங்களில் ஒன்று அது. கோட்லினும் ஸ்விஃப்ட்டும் ஒரு மதிப்பு இல்லாமல் போகலாமா கூடாதா என்பதை எழுதும்போதே சொல்ல வைக்கின்றன. ஜாவாவிலிருந்து கோட்லினுக்கு மாற இது ஒரு நல்ல காரணம், சோதித்துப் பார்க்கக்கூடிய காரணம். ஆனால் என்னை அதிகம் தொட்டது அந்த ஒப்புதல். எனக்குச் சுலபம் என்று செய்தேன், விலையை நீங்கள் கொடுத்தீர்கள் என்று நாற்பது ஆண்டு கழித்தாவது சொல்ல அவருக்கு நேர்மை இருந்தது.

ஊரோடு போனால் பாதுகாப்பு என்பதும் பொய். போன்கேப் என்ற செயலிக் கருவி ஒரு காலத்தில் எல்லோரும் போன வழி. 2020இல் அடோபி அதைக் கைவிட்டது. சமாரின் என்ற இன்னொரு கருவியை மைக்ரோசாஃப்ட் 2016இல் விலைக்கு வாங்கியது. 2024 மே 1ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது. பெரிய நிறுவனத்தின் நிழல் என்று நம்பி ஒதுங்கியவர்கள் மறுபடி எல்லாவற்றையும் எழுத வேண்டி வந்தது.

பெரிய நிறுவனங்களிடம் கற்க ஒன்று உண்டென்றால் அவை எதைத் தேர்ந்தன என்பதை அல்ல, எப்படி மாறின என்பதைத்தான் கற்க வேண்டும். ஃபேஸ்புக் தன் கைப்பேசிச் செயலியை இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5 மேல் கட்டியது. செயலி தள்ளாடியது. 2012 செப்டம்பரில் மார்க் ஸக்கர்பெர்க் மேடையேறி, அதை அளவுக்கு மீறி நம்பியதே நிறுவனமாக நாங்கள் செய்த மிகப் பெரிய தவறு என்ற பொருளில் பேசினார். பிறகு அதே நிறுவனம் ரியாக்ட் நேட்டிவை உருவாக்கி 2015இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஏர்பிஎன்பி 2016இல் அதை எடுத்துக்கொண்டது. 2018 ஜூனில் விட்டுவிடப் போவதாக அறிவித்து, காரணங்களை நீளமாக எழுதி வைத்தது. இரண்டு தளங்களுக்கு ஒரே நிரல் என்று நினைத்துப் போய், கடைசியில் மூன்று தளங்களைப் பராமரிப்பது போல ஆகிவிட்டது என்பது அதில் ஒன்று. 2020 ஜனவரியில் ஷாப்பிஃபை அதே ரியாக்ட் நேட்டிவ்தான் தன் எதிர்காலம் என்று அறிவித்தது. ஒரே கருவி, ஒருவர் வெளியே போகிறார், ஒருவர் உள்ளே வருகிறார். இருவருமே தங்கள் அளவீடுகளோடு பேசினார்கள். யாரும் துரோகியும் இல்லை, பக்தரும் இல்லை.

நம்மிடையே கருவி மீதான பக்தியைப் பற்றிப் பேசும்போது 1935 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டில் பெரியார் தன் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை அதற்கு முன் வேறு வடிவத்தில் இருந்தன. எழுத்து ஒரு கருவி. கற்கிற பிள்ளைக்கும் அச்சுக் கோக்கிறவருக்கும் சுமை குறைய வேண்டும் என்பதே அவர் வாதம். தமிழ்நாடு அரசு அதை ஏற்க 1978 வரை ஆயிற்று. தாய்மொழியின் எழுத்தையே யாருக்குச் சுமை, யாருக்கு லாபம் என்று கேட்டு மாற்றிய மண்ணில், நேற்று வந்த ஒரு பிரேம்வொர்க்கைக் கேள்வி கேட்டால் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பார்வையற்றவர்களை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கின்றன. ஃப்ளட்டர் தன் திரையைத் தானே வரைந்துகொள்கிறது. எது பொத்தான், எது படம் என்று படிப்பானுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதோடு வரும் ஆயத்தப் பொத்தான்கள் பெரும்பாலும் தாமே சொல்லிவிடும். அழகுக்காக நாமே வரைந்துகொள்பவை, நாம் சொன்னால்தான் பேசும். அந்த வேலைக்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளை எந்த மதிப்பீட்டிலாவது நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தால் மிகச் சில முறையே.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. யாருக்காகச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஈரோட்டு மஞ்சள் விவசாயிகளுக்கு அன்றாட விலை சொல்லும் செயலியாம். அவர்கள் கையில் என்ன போன், எவ்வளவு இடம் காலியாக இருக்கும், எத்தனை பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஐபோன் யாரும் வைத்திருக்காவிட்டால், இரண்டுக்கும் ஒரே முறை எழுதுவதால் கிடைக்கும் மிச்சம் யாருக்கு? சற்று நேரம் பேசவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை மண்டியிலிருந்தே அழைத்தார். பின்னால் ஏலச் சத்தம் கேட்டது.

“அண்ணே, இதுவரைக்கும் பதிமூணு பேர் போனை வாங்கிப் பாத்துட்டேன். ஐபோன் ஒண்ணுகூட இல்ல. அஞ்சு பேர் போன்ல போட்டோவ அழிச்சாத்தான் புது ஆப் எறங்கும். ஒரு பெரியவர் பேத்தி போட்டோவக் காட்டி, இத அழிக்கணுமான்னு கேக்கறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேண்டாங்கய்யான்னு சொல்லிட்டேன். முடிவு இன்னும் பண்ணலண்ணே. ரெண்டு வாரம் டைம் கேட்ருக்கேன்.”