பிடித்துக்கொள்ளுங்கள்... தள்ளாதீர்கள்!

உதவி செய்வது நல்லது. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால், எந்த வகுப்பிலும் சொல்லித் தராத ஒரு விஷயம் உண்டு.

உதவியை எங்கே நிறுத்துவது?

'இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?' என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சாமியார்கள் என்று நினைத்தால் தப்பு. ரோபோ செய்கிற இன்ஜினீயர்கள்!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். அங்கே நெவில் ஹோகன் என்ற பேராசிரியரும் ஹெர்மானோ இகோ க்ரெப்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் ஒரு ரோபோவை உருவாக்கினார்கள். பெயர் 'எம்.ஐ.டி. மானஸ்'. நம் ஊர் மனசு இல்லை இது. லத்தீனில் 'மானஸ்' என்றால் கை. பக்கவாதம் வந்து கை விழுந்துபோனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இதன் வேலை. 1990-களில் ஆஸ்பத்திரியில் வைத்து நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள்.

பக்கவாதத்தில் என்ன நடக்கிறது தெரியுமில்லையா? கை கெட்டுப்போவதில்லை. கைக்கு உத்தரவு போடுகிற மூளைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் அடைத்துக்கொள்கிறது, அல்லது ரத்தக் குழாய் வெடிக்கிறது. அந்தப் பகுதி செத்துப்போகிறது. மானேஜர் போய்விட்டார், தொழிலாளி அப்படியே நிற்கிறார்!

நல்ல செய்தி என்னவென்றால், பக்கத்து சீட்டுக்காரர் வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். 1996-ல் ராண்டால்ஃப் நூடோ என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் குரங்குகளிடம் இதைக் காட்டினார்கள். மூளை அடிபட்ட குரங்குக்கு, அதன் பலவீனமான கையாலேயே திரும்பத் திரும்பத் தீனி எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். காயத்தைச் சுற்றி மிச்சமிருந்த மூளைப் பகுதி, கைக்கான தன் இடத்தை இழக்காமல் பிடித்துக்கொண்டது. பயிற்சி இல்லாவிட்டால் அந்த நல்ல பகுதியிலும் கைக்கான இடம் சுருங்கிப்போகிறது.

நான் படித்தது பி.காம். 'பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்மானம்' என்று மெஷினுக்குக் கணக்கு எழுதிப் பழகியவன். மூளையின் அக்கவுன்ட்ஸ் தலைகீழ். பயன்படுத்தாவிட்டால்தான் தேய்மானம்!

ஆக, அசைக்க வேண்டும். எத்தனை தடவை? விலங்குப் பரிசோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. மனிதர்களுக்கு நிஜத்தில் எவ்வளவு நடக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி நேரங்களில் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. கையை ஒரு உருப்படியான வேலைக்குப் பயன்படுத்திய அசைவுகள், ஒரு பயிற்சி வேளைக்குச் சராசரியாக 32.

முப்பத்திரண்டே முப்பத்திரண்டு! ஒரு தட்டு இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டாலே அவ்வளவு வந்துவிடும்.

இங்கேதான் ரோபோ வருகிறது. அதற்கு அலுப்பு கிடையாது. 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விடாது. கடிகாரம் பார்க்காது. நோயாளியின் முன்கையை அதில் கட்டிவிட்டால், எதிரே திரையில் தெரியும் புள்ளிகளை நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் சுமார் ஆயிரம் அசைவுகள்.

ஆனால், ஹோகன் கெட்டிக்காரர். தொழிற்சாலையில் கார் பாகங்களைத் தூக்கி வைக்கிற ரோபோவைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே யார் வந்தாலும் அது தன் பாதையில்தான் போகும். அதைக் கொண்டுவந்து நோயாளியின் கையைக் கட்டினால் என்ன ஆகும்? கை நகரும், மனிதர் சும்மா இருப்பார். அதனால் விட்டுக்கொடுக்கிற ரோபோவைச் செய்தார். நீங்கள் தள்ளினால் அது வழிவிடும். உங்களால் முடியாமல் பாதியில் நின்றால், மிச்ச தூரத்துக்கு மெல்லக் கொண்டுபோய் விடும். நீங்கள் தேறத் தேற அது தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் வந்தது. கலிஃபோர்னியாவில் இன்னொரு குழு, டேவிட் ரெய்ன்கென்ஸ்மையர் என்பவரும் அவருடைய சகாக்களும், கவனித்த விஷயம் இது. ரோபோ உதவுகிறது என்று தெரிந்ததும், மனித உடம்பு தன் முயற்சியைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை. சிக்கனமாகச் செலவு செய்வது உடம்பின் சுபாவம். வேறொருவர் பில் கட்டுகிறார் என்றால் அது பர்ஸைத் திறக்காது.

அதற்கு அவர்கள் 2008-ல் சொன்ன தீர்வுதான் என்னைக் கவர்ந்தது. ரோபோவின் கம்ப்யூட்டர் புரோகிராமில் கொஞ்சம் 'மறதி'யைச் சேர்த்தார்கள்! நோயாளி சரியாகச் செய்துகொண்டிருக்கும்போது, ரோபோ தன் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக 'மறந்துகொண்டே' வரும். அவர் தடுமாறினால் திரும்ப நினைவுக்கு வரும். உதவுவதை மறக்கத் தெரிந்த உதவியாளர்!

நம் வீட்டுக்கு வருவோம்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆன ஒருவர், காலையில் சட்டை பட்டனோடு போராடிக்கொண்டிருக்கிறார். விரல் பட்டனைப் பிடிக்கிறது, நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறது. பக்கத்தில் நிற்கும் மனைவி எத்தனை நேரம்தான் பார்ப்பார்? 'விடுங்க, நான் போட்டு விடறேன்' என்கிறார். பத்து விநாடியில் எல்லா பட்டனும் போட்டாகிவிட்டது. 'அப்பா, நீங்க உக்காருங்க, தண்ணி நான் கொண்டுவரேன்' என்கிறான் மகன். மருமகள் சோற்றைப் பிசைந்தே கொடுத்துவிடுகிறாள்.

எல்லாம் அன்புதான். சந்தேகமே இல்லை.

ஆனால், கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். அவர் தானே பட்டன் போட்டால் பத்து நிமிஷம். மனைவி போட்டால் பத்து விநாடி. மிச்சமான ஒன்பது நிமிஷம் ஐம்பது விநாடி யாருடைய கணக்கில் வரவு? குக்கர், ஆபீஸ், ஸ்கூல் வேன் என்று பறந்துகொண்டிருக்கும் வீட்டின் கணக்கில். யாருடைய கணக்கில் பற்று? நோயாளியின் கணக்கில். அந்தப் பத்து நிமிஷம்தான் அவருடைய கைக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய பயிற்சி.

நம் உதவியில் பாதி, நம் அவசரம். அதை அன்பு என்ற தலைப்பில் எழுதிவிடுகிறோம்.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த நிலைமைக்கு ஒரு பெயரே வைத்தார். 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை'. கையில் கொஞ்சம் சக்தி திரும்பியிருக்கும். ஆனால், ஆரம்ப நாட்களில் முயன்று முயன்று தோற்றதில், 'இது உதவாது' என்று மூளை பாடம் படித்து வைத்திருக்கும். அதனால் பயன்படுத்தாது. அவர் உருவாக்கிய சிகிச்சை முறையில், நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவார்கள். வேறு வழியே இல்லை, பலவீனமான கைதான் வேலை செய்தாக வேண்டும். 2006-ல் 222 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு, இது பலன் தருகிறது என்று காட்டியது. கையில் ஓரளவாவது அசைவு மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த முறை ஒத்துவரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'அப்படியானால் ஒரு ரோபோவை வாங்கி வைத்துவிட்டால் தீர்ந்ததா?'

அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் 770 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு எம்.ஐ.டி. மானஸ் ரோபோ. இன்னொரு பிரிவுக்கு அதே அளவு நேரம் மனிதர் கொடுக்கும் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2019-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ரோபோ பயிற்சி பெற்றவர்களின் கை அசைவு கொஞ்சம் முன்னேறியது உண்மை. ஆனால், அந்த முன்னேற்றம் அன்றாட வேலைகளுக்கு வந்து சேரவில்லை. திரையில் புள்ளியைத் தொடுவது வேறு, டம்ளரைத் தூக்குவது வேறு! மனிதர் கொடுத்த பயிற்சியிலோ, நோயாளி தனக்கு எது வேண்டும் என்று சொல்கிறாரோ அந்த வேலையையே பழக்கினார்கள். அவர்களுக்கு அன்றாடக் காரியங்களில் சிலவற்றில் பலன் தெரிந்தது.

'பார்த்தீங்களா, வீட்டு மனுஷங்க அன்புக்கு ஈடாகுமா?' என்று உடனே ஜெயக்கொடி நாட்டாதீர்கள். அதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில், 1,250 நோயாளிகள். குடும்பத்தினருக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் அவர்களையே பயிற்சி தரச் சொன்னார்கள். 2017-ல் முடிவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் அடுத்தவரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரண்டு பிரிவிலும் 47 சதவிகிதம். வித்தியாசமே இல்லை.

மெஷின் மட்டும் போதாது. பாசம் மட்டும் போதாது. பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் வேண்டும், போதுமான எண்ணிக்கை வேண்டும், நோயாளிக்கு அர்த்தமுள்ள வேலை வேண்டும். இந்த மூன்றுக்கும் கைகொடுக்கும்போது மெஷின் உபயோகப்படும். சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து 'ப்ளூட்டோ' என்ற சிறிய ரோபோவைச் செய்திருக்கிறார்கள். ஒரே மோட்டார்தான். அதில் பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி எடுக்கலாம். நம் ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்டுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், இது சாதாரண விஷயமில்லை.

மெஷினிடம் இன்னொரு சௌகரியமும் உண்டு. அதற்கு நாம் கடன்படுவதில்லை. 'நம்மால இவளுக்கு எவ்வளவு கஷ்டம்' என்று ரோபோ முன்னால் யாரும் கூசிப்போவதில்லை. ஆயிரம் தடவை தோற்றாலும் அது முகம் சுளிக்காது. ஆனால், ஆயிரத்தோராவது தடவை ஜெயித்தால் சந்தோஷப்படவும் அதற்குத் தெரியாது. அதற்கு வீட்டில் ஒரு முகம் வேண்டும்.

இப்போது, இதைப் படித்துவிட்டு, 'இனிமே அவரே செய்துக்கட்டும்' என்று கை கழுவி எழுந்துவிடுகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. முதியோரைக் கைவிடுகிறவர்களும் 'சுயமா இருக்கப் பழகட்டும்' என்றுதான் பேசுவார்கள். விழுங்க முடியாதவரிடம் தட்டை நீட்டிவிட்டுப் போவதும், தள்ளாடுகிறவரைத் தனியாக பாத்ரூமுக்கு அனுப்புவதும் உதவியைக் குறைப்பது ஆகாது. அதற்குப் பெயர் வேறு.

வித்தியாசம் எங்கே என்று அந்த ரோபோவைப் பாருங்கள். அது தள்ளுவதை நிறுத்துகிறது. பிடியை விடுவதில்லை. நோயாளியின் கை அதன் மேல்தான் இருக்கிறது. கொஞ்சம் தடுமாறினால் உடனே தாங்குகிறது. செய்து கொடுப்பதற்கும் விட்டுவிட்டுப் போவதற்கும் நடுவில், பக்கத்தில் இருந்துகொண்டு சும்மா இருப்பது என்று ஒரு இடம் இருக்கிறது. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. செய்து கொடுத்தால் பத்து விநாடி. விட்டுப் போனால் அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தால் முழுசாகப் பத்து நிமிஷம். அதனால்தான் அந்த இடத்தில் கூட்டமே இல்லை.

இது நோயாளிகளுக்கு மட்டும்தானா? பிள்ளையின் ப்ராஜெக்டை ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஒட்டிக்கொடுக்கிற அப்பா, கல்யாணமான மகனுக்கு இன்றைக்கும் பேங்க் ஃபாரம் நிரப்பிக்கொடுக்கிற அம்மா, ஜூனியரின் கடிதத்தைத் தானே திருத்தி எழுதிவிடுகிற ஆபீஸர்... எல்லோருக்கும் ஒரு ஸ்பூன் 'மறதி' தேவைப்படுகிறது.

பக்கவாதம் வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும்போது, 'இன்னும் என்னவெல்லாம் செய்து கொடுக்கணும்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'நாங்க செய்து கொடுக்கறதுல எதை இந்த வாரம் நிறுத்தலாம்?' என்று கேளுங்கள்.

ஒன்றோ இரண்டோ சொல்வார். பட்டன் என்பார், அல்லது டம்ளர் என்பார். சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் கொஞ்சம் முன்னதாகவே எழுந்துகொள்ள வேண்டியிருக்கும். அவர் இல்லை... நீங்கள்!