குருவும் தூதரும்

பாலிக் புலாவிலிருந்து மலைப்பாதை கடந்து ஜார்ஜ் டவுன் சேர்வோர், சூலியா தெருவில் நாகூர் தர்காவைக் காண்பர். 16-ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்த சாகுல் அமீதின் நினைவாக எழுந்தது அது. இந்துக்கள் பலர் அன்பு மேலிட அவரை ‘நாகூர் ஆண்டவர்’ என்பர். இசுலாமிய நெறியிலோ அவர் இறைநேசர். நபியும் அல்லர், இறைவனும் அல்லர்.

சிவஞானபோதத்தின் 8-ஆம் நூற்பா, இறைவனே குருவாய் வந்து உணர்த்துவான் என்கிறது. இசுலாத்தில் நபிகள் மனிதரே. தூதர் வேறு, அனுப்பியவன் வேறு. கிறித்தவத்தில் தீர்க்கதரிசிகள் இறைவாக்கை உரைத்தோர்; இயேசுவோ இறைமகன்.

இவர் யாவரும் ஒன்றே எனல் எளிது, செவிக்கு இனிதும்கூட. ஆயினும், அண்டை வீட்டார் உயிரினும் மேலாகப் போற்றும் வேற்றுமையை அது அழித்துவிடும். ஒவ்வொருவரையும் அவர்தம் நெறியினர் வழங்கும் பொருளிலேயே அறிதல்தான் மதிப்பு. வகுப்பறையில் நல்லிணக்கம் அவ்வறிவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.