பயன் தராத தேனீக்கும் இடம் உண்டோ?

நமக்குத் தேன் தரும் தேனீயைக் காப்பது கடினமன்று. அது வணிகருக்கும் விளங்கும் கணக்கு. தேனும் மெழுகும் தராத தேனீயை நாம் ஏன் காக்க வேண்டும் என்பதே அறம் எழுப்பும் வினா.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், ஆஷ்லாந்து நகரிலுள்ள சதர்ன் ஆரெகன் பல்கலைக்கழகம் 2015-இல் அந்நாட்டின் முதல் 'தேனீ வளாகம்' என ஏற்கப்பட்டது. தேன்பெட்டிகளைப் பெருக்குவதன்று இதன் நோக்கம். தேன் தரும் தேனீ, 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அக்கண்டத்திற்குக் கொண்டு சேர்த்த விருந்தாளியே. மண்ணுக்குரிய தேனீக்களோ பெரும்பாலும் தனித்து வாழ்பவை. வெறுந்தரையிலும் பட்ட மரத்திலும் குடியிருப்பவை. அவற்றுக்கு வேண்டியவை அம்மண்ணின் பூச்செடிகளும், நஞ்சு தெளிக்காத, கிளறாத சிறிது நிலமுமே.

அந்நகரை அடுத்த ஆஷ்லாந்து மலையில்தான் ஃபிராங்க்ளின் பம்பிள் தேனீ 2006-இல் இறுதியாகக் காணப்பட்டது. அருகிவரும் உயிரினம் என அரசு அதனை அறிவித்ததோ 2021-இல்.

மகரந்தச் சேர்க்கை குன்றினால் உணவு குன்றும் என்பர், உண்மையே. ஆயினும் இவ்வொரு தேனீ மறைந்ததால் எவர் உணவும் குறைந்ததாகத் தெரியவில்லை. பயன் ஒன்றே அளவுகோலாயின், அதற்காக வருந்த நமக்குக் காரணமில்லை. ஆனால் வருந்துகிறோம். பயனுக்கு அப்பாலும் நமக்கொரு கடன் உண்டென நம் மனச்சான்று அறிந்திருப்பதாலன்றோ இவ்வருத்தம்?

வளாகத்தின் ஒரு மூலையை வெட்டாமல், கூட்டாமல் விட்டுவைப்பது எளிய செயலே. கைம்மாறு கருதாது பிறவுயிர்க்கு இடம் விடும் அப்பணிவைக் கல்விக்கூடம் கற்பிக்காவிடில், வேறெங்கு நாம் கற்போம்?