சரக்கும் நாமே, வியாபாரியும் நாமே



வியாபாரியின் நாணயத்துக்குத் தராசும் படிக்கல்லும் சாட்சி. ஆனால் தராசு இல்லாத இடத்திலும் நம் நாணயம் சோதிக்கப்படுகிறது. அத்தகைய சோதனையொன்று அண்மையில் ஒரு தாளின் வடிவில் என் வீட்டுக்கு வந்தது. அதைப் பற்றியே இங்கு நான்கு வார்த்தை எழுத விரும்புகிறேன்.

என் தமக்கையின் மகன் பகாவ் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு வாரம் இருமுறை வேனில் சாமான் கொண்டுபோய்ப் பற்றுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூல் செய்பவன். தொழுகையிலும் தொழிலிலும் குறை சொல்ல முடியாத பிள்ளை. அவனுக்குள்ள ஆசை ஒன்றே ஒன்றுதான்: பெரிய மோட்டார் சைக்கிள். ஞாயிறு விடிந்தால் கூட்டாளிகளோடு ஜெலுபு மலைப்பாதையில், கெந்திங் பெராஸ் வளைவுகளை நோக்கிப் புறப்பட்டு விடுவான். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை, நம் மாநில எல்லையை அடுத்துள்ள சிப்பாங் பந்தயத் தடத்தில் கட்டணம் செலுத்தி வேகமாக ஓட்டியும் வருவான்.

அவன் ஒரு மெடிக்கல் கார்டு எடுக்க எண்ணி விண்ணப்பத் தாளுடன் வந்தான். அதில் ஒரு கேள்வி: பந்தயம், கடலடி மூழ்குதல், பாராசூட்டில் குதித்தல் போன்ற அபாயமான பொழுதுபோக்கு எதிலேனும் ஈடுபடுவது உண்டா?

"மாமா, 'இல்லை' என்றே எழுதிவிடும்படி ஏஜெண்டு சொல்கிறார். 'உண்டு' என்று எழுதினால் தாமதமாகுமாம், சந்தா கூடுமாம், வேண்டாமென்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்களாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்கிறார். எழுதிவிடலாமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வராத காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அவன் ஏன் இந்தக் கார்டைத் தேடி வந்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் வாழ்வு இனிதாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அவனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிமீது வைத்தியப் பொறுப்பைச் சுமத்தியது. தோட்ட ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்தவர்கள். வேலையில் அடிபட்டவனுக்கு 1952ஆம் ஆண்டில் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. 1971இல் சொக்சோ வந்தது. ஆனால் அதே தோட்டத்து வாசலில் அரிசியும் கருவாடும் விற்றுக்கொண்டிருந்த நம்மவருக்கு என்ன இருந்தது? 'முதலாளி' என்ற பட்டம் இருந்தது. அந்தப் பட்டம் ஒரு நாளும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கட்டியதில்லை.

கடைக்காரன் ஒரு மாதம் படுத்துவிட்டால் அவனுக்குச் சம்பளமில்லை, லீவுமில்லை. பற்றுப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளி நிற்கும். அதை வசூலிக்கப் போக அவனுக்குக் கால் வேண்டும்! நம்முடைய முதல் என்பது பெட்டியில் இருக்கும் பணமன்று. நம் கையும் காலும்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மை. இந்நாட்டுக் குடிமக்கள் 1 வெள்ளியில் வெளிநோயாளராகவும் 5 வெள்ளியில் நிபுணரிடமும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரியும் கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரியும் நம் பலருக்கு உயிர் தந்தவை. ஆயினும் அவசரமில்லாத சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டும். கடைக்காரனுக்குக் காத்திருக்கும் நாளெல்லாம் நஷ்டம். ஆகவேதான் அவன் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு கார்டைத் தேடுகிறான். அதில் குற்றமில்லை.

இறைவன்மீது பாரத்தைப் போட்டுவிட்டு இருக்கலாகாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. ஒட்டகையைக் கட்டாமல் விட்டு நம்பிக்கை வைப்பதா, கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டே நம்பிக்கை வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தது நாமறிந்ததே. கட்டும் கயிறு ஹலாலானதா என்பதுதான் கேள்வி. 1972 ஜூன் மாதத்தில் இந்நாட்டின் தேசிய பத்வாக் குழு, கம்பெனிகள் நடத்தும் ஆயுள் இன்ஷூரன்ஸ் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 1979இல் சூடான் நாட்டில் இஸ்லாமிய இன்ஷூரன்ஸ் கம்பெனி தோன்றியது. 1984இல் மலேசியாவில் தக்காபுல் சட்டம் வந்தது. 1985இல் ஜித்தாவில் கூடிய பிக்ஹ் சபை, வர்த்தக இன்ஷூரன்ஸைத் தடுத்து, கூட்டுறவு முறையில் அமைந்ததை அனுமதித்தது.

தக்காபுலின் முறை சுருக்கமாக இதுதான். சேர்ந்தவர் ஒவ்வொருவரும் ஒரு தொகையை 'தபர்ருஉ', அதாவது நன்கொடை என்ற நிய்யத்தில் பொதுநிதியில் இடுகிறார். எவருக்குத் துன்பம் நேர்கிறதோ அவருக்கு அந்நிதியிலிருந்து உதவி செல்கிறது. கம்பெனி அந்நிதியை நிர்வகித்துக் கூலி பெறுகிறது. நம் பள்ளிவாசல்களில் நடக்கும் கைராத் கெமாத்தியான் நிதியைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

இனி, அபாயமான பொழுதுபோக்கு என்பதே தவறா? அப்படியும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதன் கல்லாப்பெட்டியன்று, ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் ஒரு காற்று வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் பழக்கிய குதிரைகளுக்குப் பந்தயம் வைத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓட்டினார்கள். குதிரையிலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியும். தன்னைத் தானே நாசத்தில் தள்ளுவது தடுக்கப்பட்டது. எச்சரிக்கையோடு ஓட்டுவது நாசமன்று. ஆனால் அபாயத்தை ஒருவன் தேடிக்கொண்டால், அதன் பாரத்தை யார் சுமப்பது? நம் விஷயத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

அரபு நாட்டில் 'ஆகிலா' என்றொரு வழக்கம் இருந்தது. இஸ்லாமும் அதை ஒழுங்குபடுத்தி ஏற்றுக்கொண்டது. ஒருவன் கையால் தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், அதற்கான நஷ்டஈட்டை அவனுடைய உறவினர் கூட்டமே பங்கிட்டுக் கொடுக்கும். வேண்டுமென்றே கொன்றவனுக்கு அந்த உதவியில்லை. அவன் பாரத்தை அவனே சுமக்க வேண்டும். தக்காபுலுக்கு முன்மாதிரியாக அறிஞர்கள் இதைக் காட்டுவர். இதில் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது: நாடாமல் வந்ததைக் கூட்டம் பங்கிடும், நாடிச் செய்ததைப் பங்கிடாது.

மோட்டார் பந்தயம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விழ வேண்டுமென்று எவனும் விரும்புவதில்லை. ஆனால் விழக்கூடிய இடத்துக்கு விரும்பியே போகிறான். இத்தகைய நடுத்தரமான விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? பாரம் சுமக்கப் போகிறவர்களுக்கே உண்டு. சேர்த்துக்கொள்வதா, விலக்கி வைப்பதா, கூடுதல் சந்தா கேட்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். 'இல்லை' என்று எழுதுகிறவன் அந்த உரிமையை அவர்கள் அறியாமலே பறித்துக்கொள்கிறான்.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்களின் விரல்கள் நனைந்த சம்பவத்தை நினையுங்கள். மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. மழை அவன் குற்றமன்று. நனைந்ததை மேலே வைக்காமல் அடியில் வைத்ததே குற்றம். சகோதரர்களே, விண்ணப்பத் தாளின் முன் உட்காரும்போது சரக்கும் நாமே, வியாபாரியும் நாமே. நம்மிடமுள்ள ஈரம் நம் குற்றமாக இல்லாமலிருக்கலாம். அதை அடியில் தள்ளுவது நம் குற்றம்தான்.

"கம்பெனிக்கு என்ன நஷ்டம் மாமா? கோடிக்கணக்கில் வைத்திருக்கிறார்களே" என்றான் பிள்ளை. நன்கொடை நிதியில் இருப்பது கம்பெனியின் பணமன்று. லுக்குட்டில் ரொட்டிக்கடை போடுகிறவரும் ரந்தாவில் தையல் தைக்கும் அம்மாளும் இட்ட பணமாக அது இருக்கலாம். வைத்தியச் செலவு ஏறி, சந்தாவும் ஏறிய ஏற்றத்தில் பலர் தவித்ததால்தான், ஏற்றத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்ப வேண்டுமென்று 2024 டிசம்பரில் நெகாரா வங்கி தலையிட நேர்ந்தது. மறைத்து வாங்கிய ஒவ்வொரு காசும் எவரோ ஒருவருடைய சந்தாவில் ஏறும்.

இன்னொன்றும் அவனுக்குக் காட்டினேன். இந்நாட்டின் பெரும்பாலான மெடிக்கல் கார்டுகளில், ஓட்டப்பந்தயம் தவிர்த்த எல்லாப் பந்தயங்களும் விலக்கப்பட்டவை என்று அச்சிட்டே இருக்கிறது. சிப்பாங்கில் விழுந்தால், 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் பணம் வராது. ஆனால் பொய் எழுதியது தெரிந்தால், குடல்வால் சிகிச்சைக்குரிய பணமும் நின்றுவிடக்கூடும். கேட்ட கேள்விக்குக் கவனமாக உண்மை சொல்ல வேண்டுமென்றும், தெரிந்தே பொய் சொன்னால் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யலாமென்றும் 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் சொல்கிறது. ஆக, அந்தப் பொய் எதையும் வாங்கித் தருவதில்லை. இருப்பதையும் இழக்கச் செய்கிறது.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? சொந்தத் தொழில் செய்யும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள்.

பொழுதுபோக்கை உள்ளபடி பிரித்து எழுதுங்கள். லைசென்ஸோடு சாலையில் ஓட்டுவது வேறு. பந்தயத் தடம் வேறு. 'பி2' லைசென்ஸ் 250 சிசி வரையுள்ள வண்டிக்கே உரியது என்பதையும் மறவாதீர்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பாமல், எது சேரும், எது சேராது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோய் வந்தபின் கார்டைத் தேடாதீர்கள். பொதுவாக முதல் 30 நாட்களில் வரும் நோய்களுக்கும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு முதல் 120 நாட்களிலும் உதவி கிடையாது.

கார்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கட்டும். பூட்டிய கடைக்குக் கட்டாது. சொந்தத் தொழில் செய்வோருக்கென 2017இல் ஒரு சொக்சோச் சட்டம் வந்து, 2020இல் சிறு வியாபாரிகள் உட்பட 20 துறைகளுக்கு விரிந்தது. அப்போது ஆண்டுச் சந்தா 157 வெள்ளி 20 காசு முதல் 592 வெள்ளி 80 காசு வரை இருந்தது. அது தொழிலில் நேரும் விபத்துக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கு அன்று. ஆயினும் தோட்டத்துக்கு வேன் ஓட்டுகிறவருக்கு அது சிறிய உதவியன்று. தம் தொழில் எப்பிரிவில் அடங்கும் என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் கேட்டறிந்து சேருங்கள்.

எவரும் ஏற்காத பாரத்தை நாமே ஏற்க வேண்டும். தடத்துக்குக் கட்டும் கட்டணத்துக்குச் சமமான தொகையை ஒரு தனிப் பெட்டியில் போட்டு வரட்டும். அதற்கு மனம் வராதவன் அந்தத் தடத்துக்குப் போகும் வசதி இல்லாதவன் என்றே பொருள்.

பிள்ளை 'உண்டு' என்று எழுதினான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: பந்தயத் தடத்தை விலக்கி, மற்றவற்றுக்கு ஏற்றுக்கொண்டார்கள். சந்தா கூடவில்லை. சிப்பாங்குக்கு அவன் இன்னும் போகிறான். ஆனால் கடையின் உள்ளறையில் இப்போது ஒரு தகரப் பெட்டி இருக்கிறது.

இனி என் பங்கு. அவன் கேட்டபோது எனக்கு வாய் வராததன் காரணம் இதுதான்: பத்தாண்டுகளுக்கு முன் நான் எடுத்த கார்டின் தாளில் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்வி இருந்தது. அப்போதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் 'இல்லை' என்று எழுதினேன். பொழுதுபோக்கை விட்டுவிடலாம், நோயை விடமுடியாது, ஆகவே என் நியாயம் அவன் நியாயத்தைவிடப் பெரிதென்று இத்தனை நாள் என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். பிள்ளைக்கு உபதேசம் செய்த இரவில் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. மறுநாள் சுபுஹுக்குப் பின் உண்மையை எழுதித் தபாலில் சேர்த்தேன்.

பதில் இன்னும் வரவில்லை. கார்டு போனாலும் போகலாம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் 5 வெள்ளிச் சீட்டோடு வரிசையில் என்னைக் காணும் சகோதரர்கள் ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் போகட்டும்.